ஓட்டு போட மட்டும் வளர்ந்த பிள்ளைகள்

எங்க குளச்சல்ல எந்தத் தேர்தல் முடிஞ்சாலும் மறுநாள் காலையில டீக்கடை பெஞ்சில ஒரு டயலாக் தவறாம வரும். "இந்தக் காலத்துப் பயலுவளுக்கு அரசியல்ல ஒரு அக்கறையும் கெடையாது வே. பதினெட்டு வயசுல ஓட்டு குடுத்ததே தப்பு." சொல்லுகிற ஆளுக்கு அறுபது தாண்டியிருக்கும். தலையாட்டுகிறவருக்கும் அப்படித்தான். பதினெட்டு வயசுக்காரன் ஒருத்தன்கூட அந்த பெஞ்சில இருக்கமாட்டான். அவன் எங்கே போனான் என்று யாரும் கேட்கிறதும் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கட்டங்காப்பி ஒண்ணு போட்டுக்கொண்டு வந்து உட்காருங்க.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. 1988 டிசம்பரில் ராஜீவ் காந்தி அரசு 61-வது அரசியல் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தது. 326-வது பிரிவில் 'இருபத்தொன்று' என்று இருந்த இடத்தில் 'பதினெட்டு' என்று போட்டார்கள். அவ்வளவுதான் திருத்தம். டிசம்பர் 15-ல் மக்களவை, 20-ல் மாநிலங்களவை, 1989 மார்ச் 28-ல் அமலுக்கு வந்தாச்சு. இதில் தமிழ்நாட்டுக்காரனுக்கு ஒரு வயித்தெரிச்சல் இருக்கு. இங்கே சட்டமன்றத் தேர்தல் 1989 ஜனவரி 21-ம் தேதியே நடந்து முடிந்துவிட்டது. எம்ஜிஆர் இறந்து, அதிமுக சேவல், இரட்டைப்புறா என்று ரெண்டாகப் பிரிந்து, பதின்மூன்று வருசம் கழித்து கலைஞர் மறுபடி முதல்வரான தேர்தல். சுவரெல்லாம் சின்னம். எனக்கு அப்போ பதினெட்டரை வயசு. வேடிக்கை மட்டும் பார்த்தேன். ரெண்டே மாசத்தில் போச்சு.

அந்த வருசம் நவம்பர்ல நடந்த மக்களவைத் தேர்தல்தான் எனக்கு முதல் ஓட்டு. தமிழ்நாட்டின் 39-ல் 38 காங்கிரஸ் - அதிமுக கூட்டணிக்கு. எங்க நாகர்கோவில் தொகுதியில் வழக்கம்போல டென்னிஸ். (நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்கப்படாது. வீட்டம்மாவுக்கே இன்னும் சொல்லவில்லை :-))

சரி, மேட்டருக்கு வருவோம். அந்தத் திருத்தம் ஓட்டுச் சாவடிக் கதவை மட்டும்தான் திறந்தது. அதற்கு அந்தப்பக்கம் இருக்கிற எந்தக் கதவையும் தொடவே இல்லை. சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ நிற்க 25 வயசு, மாநிலங்களவைக்கு 30 வயசு, உள்ளாட்சிக்கு 21. எல்லாம் இருந்த இடத்தில் இருக்கு. மார்த்தாண்ட வர்மா 1729-ல் திருவிதாங்கூர் பட்டத்துக்கு வரும்போது இருபத்தி மூணு, இருபத்தி நாலு வயசுதான். பன்னிரண்டு வருசம் கழித்து இதே எங்க ஊர்க் கடற்கரையில் டச்சுக்காரனைத் தோற்கடித்தார். இன்றைக்கு என்றால் பட்டத்துக்கு வந்த அந்த வயசில் குளச்சல் தொகுதியில் வேட்புமனுவே கொடுக்க முடியாது. தள்ளுபடி!

2023 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று, ஓட்டு போடுகிற வயசே போட்டி போடுகிற வயசாகவும் இருக்கட்டும், 18 ஆக்குங்கள் என்று பரிந்துரை செய்தது. தேர்தல் கமிஷன் வேண்டாம் என்றது. பதினெட்டு வயசுப் பிள்ளைகளுக்கு அனுபவம், முதிர்ச்சி போதாதாம். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நாட்டை யார் ஆளணும் என்று முடிவு பண்ண முதிர்ச்சி இருக்கு, எங்க வார்டு தெருவிளக்கைப் பற்றிப் பேச முதிர்ச்சி இல்லையா?

எனக்கு இதுக்கும் முந்தின ஒரு காலத்தை நினைத்தால்தான் ஆச்சரியம். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கின கல்லூரிப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அப்போ ஓட்டே கிடையாது. 21 ஆகவில்லை. ஆனாலும் 1967-ல் ஆட்சியை மாற்றின அலையைக் கிளப்பியது அவங்கதான். விருதுநகரில் காமராஜரையே பெ. சீனிவாசன் என்கிற மாணவர் தலைவர் 1,285 ஓட்டில் தோற்கடித்தார். (அப்படித் தோற்ற காமராஜர்தான் நேசமணி இறந்தபிறகு 1969 ஜனவரி இடைத்தேர்தலில் எங்க நாகர்கோவிலில் நின்று டெல்லி போனார். எங்க அப்பா தலைமுறை ஆட்கள் இதை ஏதோ வீட்டில் நடந்த விசேஷம் மாதிரி சொல்லுவாங்க.) அந்த சீனிவாசன் எங்கேயிருந்து வந்தார்? வானத்திலிருந்து குதிக்கவில்லை. கல்லூரி மேடை, மாணவர் தேர்தல், தெருவுக்கு ஒரு படிப்பகம் என்று அன்றைக்கு ஏறி வர ஒரு ஏணி இருந்தது. ஓட்டுதான் இல்லை. இன்றைக்கு ஓட்டு இருக்கு, ஏணியை உருவிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த ஓட்டாவது ஒழுங்காக் கிடைக்குதா என்றால், அதுவும் இல்லை.

2022 வரைக்கும் வாக்காளர் பட்டியலில் சேர ஒரே ஒரு தகுதி நாள்தான், ஜனவரி 1. 2001 ஜனவரி 2-ம் தேதி பிறந்த ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் மக்களவைத் தேர்தல் அன்றைக்கு அவனுக்குப் பதினெட்டு முடிந்து மூணரை மாசம். ஆனால் ஓட்டு கிடையாது. ஒரு நாள் பிந்திப் பொறந்த பாவம். அவன் குளச்சல்காரன் என்றால் அடுத்து வந்தது 2021 ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல். இருபது வயசு மூணு மாசத்தில் முதல் ஓட்டு! சட்டத்தில் பதினெட்டு, நடைமுறையில் இருபது. 2022 ஆகஸ்டு முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நாலு தகுதி நாள் ஆக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் இந்தச் சின்ன விஷயத்தைச் சரிபண்ண 1989-லிருந்து முப்பத்தி மூணு வருசம்.

சரிபண்ணின பிறகும் என்ன ஆச்சு? 2024 தேர்தலுக்கு நாடு முழுக்க வாக்காளர் சுமார் 96.8 கோடி. அதில் 18, 19 வயசுக்காரர்கள் சுமார் 1.8 கோடி. அந்த வயசில் நாட்டில் இருக்கிறவர்களில் பாதிகூட இல்லை. டீக்கடை அண்ணாச்சிமார் உடனே "பாத்தியா, அக்கறை இல்ல" என்பாங்க. நான் அப்படி நினைக்கவில்லை. எங்க கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஆதார் இருக்கு, பேங்க் கணக்கு இருக்கு, பலருக்கு பாஸ்போர்ட்டும் இருக்கு. அதையெல்லாம் லைனில் நின்று வாங்கினவன், ஓட்டர் ஐடிக்கு மட்டும் ஏன் சோம்பல் படுகிறான்?

எனக்க அக்கா மகன் ஒருத்தன் இருக்கான். பதினெட்டு ஆனவுடன் மனு கொடுத்தான். ஆறு மாசம் கழித்தும் பெயர் வரவில்லை. நான் கேட்டபோது சொன்னான்.

"மாமா, வீட்டுக்கு வந்து பாத்தாவளாம். ஆள் இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டாவ."

"நீ எங்கல இருந்த?"

"நான் முனம்பத்துல. தங்கலுக்குப் போன போட்டு கரை புடிக்கப் பதினேழு நாளாச்சு. வீட்டுல ஆள் இல்லன்னா ஊருலயே ஆள் இல்லன்னா அர்த்தம்?"

மறுபடி மனு கொடுக்கப் போன ஆபீஸில், நீ கொச்சியில்தானே வேலை பார்க்கிறாய், அங்கேயே பதிந்துகொள்ள வேண்டியதுதானே என்று கேட்டிருக்கிறார்கள். கொச்சியில் அவனுக்கு இருக்கிற விலாசம் ஒரு போட்டு. ரெண்டாவது தடவையில் எப்படியோ வந்துவிட்டது, அது வேற கதை.

ஆள் இல்லை என்கிற இந்த வார்த்தை எவ்வளவு பெரிய விஷயம் என்று 2025 கடைசியில் தெரிந்தது. நவம்பர் 4-ல் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று தொடங்கினார்கள். டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் இல்லை. அதில் சுமார் 66 லட்சம் பேர் இடம் மாறினவர்கள், முகவரியில் காணப்படாதவர்கள். செத்தவர்கள், ரெட்டைப் பதிவுகள் தனிக்கணக்கு. உண்மையாகவே வீடு மாறினவர் அதில் நிறையவே இருப்பாங்க, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் இல்லாமல் இருப்பதே தொழிலாக இருக்கிற ஒரு கடற்கரை இருக்கு, அதை எந்தப் படிவத்திலும் காணோம். 2019 மக்களவைத் தேர்தல் அன்றைக்கே தூத்தூர் பக்கத்து மீனவ கிராமங்களில் பட்டியலில் பெயர் இல்லை என்று புகார் கிளம்பியது எங்க மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

பெயர் இருந்தாலும் தப்பிச்சோம் என்று நினைக்காதீங்க. காலண்டரை எடுத்துப் பாருங்க. மக்களவை, சட்டமன்றம் ரெண்டையும் சேர்த்து எங்க பக்கம் ஓட்டு போட்ட நாட்கள்: 2014 ஏப்ரல் 24, 2016 மே 16, 2019 ஏப்ரல் 18, 2021 ஏப்ரல் 6, 2024 ஏப்ரல் 19. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கிவிடும். அதனால் ராமேஸ்வரம், தூத்துக்குடி விசைப்படகுக்காரர்கள் 2021 தவிர மற்ற எல்லாத் தேர்தலுக்கும் கரையில் இருந்தார்கள். எங்க குளச்சலுக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கு. தடைக்காலம் ஜூன், ஜூலை. அதாவது தேர்தல் வருகிற நேரம் எங்க ஆட்களுக்கு நல்ல சீசன். ஆழ்கடல் போட்டில் போனவன் லட்சத்தீவுக்கு அந்தப்பக்கம் நிற்பான். ஒரு நாள் ஓட்டுக்காக போட்டைத் திருப்பினால் டீசல் காசு யார் கொடுப்பார்? ராணுவத்தில் இருப்பவருக்குத் தபால் ஓட்டு இருக்கு, தேர்தல் வேலை பார்ப்பவருக்கு இருக்கு, 85 தாண்டின பெரியவருக்கு வீட்டுக்கே பெட்டி வருகிறது. கடலில் கிடக்கிற இருபது வயசுக்காரனுக்கு ஒண்ணும் கிடையாது. போட்டில் போகிறவர்களில் சின்னப் பயலுகள்தான் அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2019-ல் இன்னொரு கூத்து. ஏப்ரல் 18 பெரிய வியாழன். குருசடி, கோவில் என்று கடற்கரை முழுக்க ஜனம் இருக்கிற நாள். மதுரையில் அதே நேரம் சித்திரைத் திருவிழா. கேட்டுப்பார்த்தார்கள், தேதி மாறவில்லை.

வெளிநாட்டுக் கதை இன்னும் மோசம். எங்க ஊரில் வீட்டுக்கு ஒருத்தன் கல்ஃப்ல. வெளிநாடு வாழ் இந்தியர் பெயர் சேர்க்கலாம் என்று 2010-ல் சட்டம் திருத்தினார்கள். ஆனால் நேரில் வந்துதான் போடணும். 2024-ல் அப்படிப் பதிவு செய்திருந்தவர்கள் சுமார் 1.19 லட்சம். வந்து போட்டவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. அதிலும் கேரளாக்காரர்கள்தான் பெரும்பாலும். சவுதியில் ஏசி மெக்கானிக்காக இருக்கிற பையன் டிக்கெட் போட்டு வந்து ஓட்டு போடுவானா? அவனுடைய ஒரு மாசச் சம்பளம் அது. உள்நாட்டில் வெளியூரில் இருப்பவருக்காக ரிமோட் ஓட்டு இயந்திரம் என்று ஒன்றை 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்டக் கூப்பிட்டார்கள். கட்சிகள் சந்தேகம் கிளப்பின. இந்த விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான், கண்ணுக்குத் தெரியாத பெட்டியை நம்புவது கஷ்டம். ஆனால் அதுக்கு மாற்றாக எந்தக் கட்சியும் வேற வழி ஒன்றும் சொல்லவில்லையே!

பொம்பளப் பிள்ளைகள் விஷயம் தனி. பதினெட்டில் அப்பா வீட்டு விலாசத்தில் பெயர் சேரும். நர்சிங் படிக்கப் போவாள், பிறகு வேலைக்கு பெங்களூரோ ஹைதராபாத்தோ, பிறகு கல்யாணம், பிறகு மாப்பிள்ளை ஊர். ஒவ்வொரு தடவையும் படிவம் 8. மாமியார் வீட்டில் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க இருக்கிற அவசரம் இதுக்கு யாருக்கும் இருக்கிறதில்லை.

இங்கே ஒரு நிமிஷம் மலேசியாவைப் பார்ப்போம். நம்ம தமிழ்ச்சனம் லட்சக்கணக்கில் இருக்கிற நாடு. அங்கே 2019 ஜூலையில் ஓட்டு வயசை 21-லிருந்து 18 ஆக்கினார்கள். ஆனால் நம்ம மாதிரி வெறும் வயசை மட்டும் மாற்றவில்லை. அதே திருத்தத்தில் தேர்தலில் நிற்கிற வயசும் 18, பட்டியலில் பெயர் தானாகச் சேர்கிற ஏற்பாடும் உண்டு. 2021 டிசம்பரில் அமலாச்சு. 2022 நவம்பர் பொதுத்தேர்தலில் பிள்ளைகள் எந்த ஆபீஸ் வாசலிலும் நிற்காமல் நேராகப் போய் ஓட்டு போட்டார்கள். நம்மகிட்ட ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடப் பதிவேடு எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கு. பதினெட்டு முடிந்தவன் யார் என்று அரசாங்கத்துக்குத் தெரியாதா? தெரியும். தேடிப்போய் சேர்ப்பது அவங்க வேலை என்று சட்டம் சொல்லாததால், அலைவது நம்ம பிள்ளைகள் வேலை ஆகிவிட்டது.

இலங்கை இன்னும் முந்தி, 1959-லேயே 18 ஆக்கிவிட்டது. ஆனால் ஓட்டு கொடுத்ததோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் அதுதான் உதாரணம். 1971-லும் 1987-89-லும் ரெண்டு முறை தெற்கில் சிங்கள இளைஞர்கள் ஆயுதம் எடுத்தார்கள், வடக்கில் நம்ம பிள்ளைகள் கதை உங்களுக்கே தெரியும். அதுக்குப் பிறகு இளைஞர் ஆணைக்குழு வைத்து ஆராய்ந்து, உள்ளாட்சி வேட்புமனுப் பட்டியலில் 40 சதவீதம் இளைஞருக்கு என்று 1990-ல் விதி கொண்டுவந்தார்கள். அத்தனை ரத்தம் சிந்தின பிறகு.

இப்போ அந்த ஏணி விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரித் தேர்தல். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையில் ஒரு கமிட்டி போட்டு, அது சொன்னதை 2006 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் ஏற்றுக்கொண்டு, கல்லூரிகளில் மாணவர் தேர்தல் நடத்துங்கள் என்று உத்தரவு போட்டது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது, 75 சதவீதம் வருகைப் பதிவு வேணும், அச்சடித்த போஸ்டர் கூடாது என்று விதிகள். அதுக்குப் பிறகும் தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் நேரடித் தேர்தல் கிடையாது. நல்ல மார்க் வாங்குகிற, பிரின்சிபால் சொன்னதுக்கு மறுபேச்சு பேசாத பிள்ளையாகப் பார்த்து 'சேர்மன்' ஆக்கிவிடுவார்கள். கல்லூரி விழாவில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவது அவர் கடமை.

களியக்காவிளை தாண்டினால் வேற உலகம். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் நாமளும் அந்தப் பக்கம்தானே. 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் மேயர் ஆன ஆர்யா ராஜேந்திரனுக்கு அப்போ 21 வயசு, கல்லூரி மாணவி. இந்திய மாணவர் சங்கத்திலிருந்து வந்தவர். (மேயராக அவர் செய்தது எல்லாம் சரியா என்பது வேறு விவாதம். எனக்கு அதில் விமர்சனம் உண்டு.) எங்க ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டர் போல இருக்கும் திருவனந்தபுரம். அங்கே நடக்கிறது இங்கே ஏன் நடக்காது?

"அங்க குத்துவெட்டுதானே நடக்குது" என்று உடனே சொல்லுவாங்க. நடக்குது. 2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் வட்டவடையிலிருந்து வந்த அபிமன்யு என்கிற ஏழை வீட்டுத் தமிழ்ப் பையனைக் குத்திக் கொன்றார்கள். அவன் அம்மாவின் அழுகையைப் பார்த்த யாருக்கும் கேம்பஸ் அரசியல் என்றால் நெஞ்சு பதறும். அதை மறைத்துவிட்டு இந்த வாதத்தை வைக்க எனக்கு மனசில்லை. ஆனால் தேர்தல் இல்லாத நம்ம பக்கம் அமைதிப் பூங்காவா? 2008 நவம்பரில் சென்னை சட்டக் கல்லூரி வாசலில் சாதிவெறியில் ஒருத்தனை அடித்துப் போட்டதை, போலீஸ் நின்று பார்த்ததை, நாடே டிவியில் பார்த்தது. சென்னையில் பஸ் ரூட்டுக்கு ஒரு 'ரூட்டு தல' என்று வைத்து அரிவாளோடு அலைகிறார்கள். மாணவர் தேர்தல் இருந்த இடத்தில் இப்போ இருப்பது அமைதி இல்லை, 'ரூட்டு தல'தான். பயலுகளுக்கு ஒரு தலைவன் வேணும். ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்க விடவில்லை என்றால் யாருக்குக் கை ஓங்கியிருக்கோ அவன்தான் தலைவன்.

கட்சிகளின் இளைஞர் அணி இருக்கே என்பீங்க. திமுக இளைஞர் அணிக்கு ஸ்டாலின் 2017 ஜனவரி வரை செயலாளராக இருந்தார். அப்போ அவருக்கு 63 வயசு. இதுக்கு மேல நான் என்ன சொல்ல? மற்ற கட்சிகளும் ஒண்ணும் சளைத்ததில்லை. இளைஞர் அணி என்பது பேனர் கட்டவும் பைக் ஊர்வலம் போகவும்தான். 2024-ல் மக்களவைக்கு 25 வயசிலேயே போன நாலு பேர் பற்றி பத்திரிகைகள் சிலாகித்தன. அதில் மூன்று பேர் மந்திரி, எம்.பி., எம்.எல்.ஏ. வீட்டுப் பிள்ளைகள். ராஜஸ்தானின் சஞ்சனா ஜாதவ் ஒருத்தர்தான் சாதாரண வீட்டிலிருந்து. முதல் மக்களவையில் சராசரி வயசு சுமார் 46, 2024-ல் அமைந்ததில் 56. ஓட்டு வயசு இறங்க இறங்க எம்.பி.க்கள் வயசு ஏறுது! பணக்கதையை நான் நீட்டப்போவதில்லை. சட்டமன்றத்துக்கு டெபாசிட் பத்தாயிரம், செலவு உச்சவரம்பு 40 லட்சம். உச்சவரம்புதான் அது, உண்மையான செலவு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

ஆக, சாதாரண வீட்டுப் பிள்ளை அரசியல் பழக மிச்சம் இருப்பது உள்ளாட்சி. இருபத்தொரு வயசு போதும், தெருவில் நாலு பேருக்குத் தெரிந்தால் போதும். 2016-லிருந்து பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் சட்டமும் இருக்கு. பிரமாதம். ஆனால் தேர்தல் நடக்கணுமே! 2016 அக்டோபரில் நடக்க இருந்ததை, இட ஒதுக்கீட்டைச் சரியாகச் செய்யவில்லை என்று ஹைகோர்ட் அக்டோபர் 4-ல் ரத்து செய்தது. சரி, திருத்தி நடத்து என்றால், ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரை இழுத்தார்கள். எங்க குளச்சல் மாதிரி நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19. அஞ்சேகால் வருசத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது. 2016-ல் 21 வயசு ஆகி நிற்கலாம் என்று நினைத்த பெண்ணுக்கு 2022-ல் 26 ஆகி, கல்யாணம் ஆகி, அநேகமாக வேற ஊரே போயிருப்பாள். ஊராட்சிகளில் 2019-ல் ஜெயித்தவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. மறுபடி தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களை உட்கார வைத்தார்கள். இந்த ஆட்சி அந்த ஆட்சி என்று ஒரு வித்தியாசமும் இல்லை.

அந்த இடைவெளியிலும் அதுக்குக் கொஞ்சம் முன்னாலும் எங்க கடற்கரையில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்க. 2016 ஜூலையில் இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் என்று மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. கடற்கரை ஊரெல்லாம் கொதித்தது. பிறகு கோவளம் - கீழமணக்குடி என்று இடத்தை மாற்றினார்கள், அங்கேயும் எதிர்ப்பு. 2017 நவம்பர் 29, 30-ல் ஒக்கி. எங்க மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கு மேல் மீனவர்கள் திரும்பி வரவில்லை. துறைமுகத்துக்கு இடம் மாற்றினபோதும் ஒக்கி வந்தபோதும் இந்தக் கடற்கரையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வார்டு மெம்பர்கூட இல்லை! காணாமல் போன போட்டுகளின் கணக்கை எடுத்தது பங்குச் சாமியார்களும் ஊர்ப் பயலுகளும். மொபைலில் வாட்ஸப் குழு போட்டு, கொச்சியில் யார் கரை ஏறினான், லட்சத்தீவில் யார், குஜராத்தில் யார் என்று பெயர் பெயராக எழுதினதும் அந்தப் பயலுகள்தான். அரசாங்கத்திடம் அப்போ சரியான பட்டியல் இல்லை. அக்கறை இல்லாத தலைமுறையாம்!

டிசம்பர் 7-ம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் போய் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கடலில் காணாமல் போனவனைத் தேடு என்றுதான் கேட்டார்கள். அதுக்கு வழக்கு, ஆயிரக்கணக்கானோர் மேல். இங்கேதான் எங்க ஊர்ப் பிள்ளைகளின் உண்மையான தடை வருகிறது. இதை எந்த டிவி விவாதத்திலும் பேசி நான் பார்த்ததில்லை.

எங்க ஊரில் பதினெட்டு வயசுப் பையனின் முதல் சொத்து பாஸ்போர்ட். கோர்ட்டில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கலாம் என்று பாஸ்போர்ட் சட்டம் 6-வது பிரிவு சொல்கிறது. கோர்ட்டில் அனுமதி வாங்கி வரலாம்தான். அதுக்கு வக்கீல், அலைச்சல், காசு. விசா அதுக்குள்ளே காலாவதி. பக்கத்தில் இடிந்தகரையில் கூடங்குளம் போராட்டத்துக்காக ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு வரை போட்டார்கள். வழக்குகளைத் திரும்பப் பெறப் பாருங்கள் என்று 2013 மே மாதத்திலேயே சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகும் பல வருசம் இழுபட்டது. வழக்கில் பெயர் இருந்ததால் பாஸ்போர்ட் கிடைக்காமல் கரையில் நின்றவர்கள் கதை எங்க பக்கம் எல்லா அம்மாவுக்கும் மனப்பாடம். "மக்களே, நீ எங்கேயும் போய் முன்னால நிக்காண்டாம் கேட்டியா, போட்டோ எடுத்துருவானுவ" என்று சொல்லித்தான் பிள்ளையை வெளியே விடுவாங்க. அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுக் கடன், தங்கச்சி கல்யாணம் எல்லாம் அந்த ஒரு நீலப் புத்தகத்தில் இருக்கு. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக ஒரு வாரம் உட்கார்ந்த பிள்ளைகளை உலகமே பாராட்டியது, 23-ம் தேதி காலையில் அடித்து விரட்டினார்கள். அந்த வழக்குகளையும் வாபஸ் என்று அறிவிக்க 2021 ஆச்சு. இருபது வயசில் நாலு வருசம் என்பது ஒரு ஆயுசு.

இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே தெருவில் இறங்கினவர்களால். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களுக்கு வருசா வருசம் மாலை போடுகிறோம். மாலை போட்டுவிட்டு வந்து அதே வாயால் பேரப்பிள்ளையிடம் "அரசியல் சாக்கடை, நீ ஒழுங்கா படி" என்கிறோம்.

சங்கம், சபை, ஜமாஅத், பங்கு என்று ஊரை நிஜமாகவே நடத்துகிற அமைப்புகளிலும் இதே கதைதான். திருவிழாவுக்கு வாலன்டியர் பேட்ஜ் குத்தி வெயிலில் நிற்க இளைஞர்கள் வேணும். வரவு செலவு கணக்கு வாசிக்கிற கூட்டத்தில் ஒரு பயல் எழுந்து கேள்வி கேட்டால், "நீ யாருக்க மவன்ல?" என்பதுதான் பதில். கேள்விக்குப் பதில் வராது.

பள்ளிக்கூடத்தில் 'நல்ல குடிமகன்' என்று கட்டுரை எழுதவைத்து, ஜனவரி 25 வாக்காளர் தினத்தன்று உறுதிமொழி எடுக்கவைத்து, கோலம் போட வைத்தால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். கோலத்தில் எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை, அழகாத்தான் இருக்கு. ஆனால் அந்தக் காசில், கொச்சி, முனம்பம், மங்களூர் துறைமுகங்களில் தடைக்காலம் முடிந்து போட்டு இறங்குகிற நேரம் பார்த்து ஒரு மேசை போட்டு உட்கார்ந்து பெயர் சேர்த்தால் ஆயிரம் பேர் சேருவாங்க. ஜூன், ஜூலையில் ரெண்டு மாசம் எல்லாப் பயலும் குளச்சலிலேயே இருப்பான், வலை பின்னிக்கொண்டு. வீடு வீடாகப் போய் ஆள் பார்க்கிற வேலையை எங்க பக்கம் அப்போ வைத்தால் என்ன? ஜூலை 1 ஒரு தகுதி நாள் வேற. இதுக்கு அரசியல் சட்டத் திருத்தம் எல்லாம் வேண்டாம், தடைக்காலம் எப்போ என்று தெரிந்த ஒரு அதிகாரி போதும்.

உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பதினேழு முடிந்த பிள்ளை இருந்தால் இப்பவே படிவம் 6 கொடுத்து வைக்கலாம், முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள். பதினெட்டு ஆனதும் அடுத்து வருகிற தகுதி நாளை வைத்துப் பெயர் சேரும். கொடுத்ததுக்கு வருகிற எண்ணை எழுதி வையுங்க. வீட்டுக்கு ஆள் பார்க்க வரும்போது பிள்ளை கடலில் இருந்தால், "இல்ல" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீங்க, "கடலுக்குப் போயிருக்கான், இன்ன தேதி வருவான்" என்று எழுதச் சொல்லுங்க. அதை அவங்க எழுதுகிற வரைக்கும் வாசலை விட்டு நகர விடாதீங்க.